கோப்பையில் தெரிந்த திறந்த கதவு

அக்டோபர் 12, ஞாயிறு

எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொன்னேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். நாளைக்கு வேறு யாராவது வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது.

ஒப்ராடுக்கு வெளிநாட்டு வேலை வரும் என்றேன், வந்தது. கிழக்குப் பக்கம் என்றேன், சீனா. தண்ணீர் தெரிகிறது என்றேன், இந்த நிங்போ துறைமுக ஊர். உயரத்தில் வீடு என்றேன், பதினேழாம் மாடி. இத்தனையும் ஒரு காபிக் கோப்பைக்குள் பார்த்த கண் இது. அதுவும் மூக்குக்கண்ணாடி போடாமல்.

நடந்தது ஜூலையில், எங்கள் செர்பிய ஊர் கிராலியெவோவில், யெலிட்சாவின் சமையலறையில். யெலிட்சா என் தங்கை மகள். அவள் புருஷன் ஒப்ராட் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறவன். இங்கே உள்ள ஒரு பயிற்சிப் பள்ளி அவனைக் கூப்பிட்டிருந்தது. அவன் போகலாம் என்கிறான். இவள் வாயே திறக்கவில்லை. வீடு இழவு வீடு மாதிரிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் சமையலறையில் உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பேசாமல் எழுந்து, அவள் குடித்து வைத்த கோப்பையைத் தட்டில் கவிழ்த்தேன். ஆறவிட்டேன். நிமிர்த்தினேன். எங்கள் காபியைத் தூளோடு கொதிக்கவைத்து அப்படியே ஊற்றுவது வழக்கம். அடியில் தங்கும் வண்டல் வழிந்து கோப்பைச் சுவரில் படம் போடும். அந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் கிராலியெவோவில் இரண்டே பேர். இன்னொருத்தி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

“யெலிட்சா, கதவு தெரியுது,” என்றேன். “நல்லா அகலத் திறந்து கிடக்குது. ஜனம் உள்ள வருது. திமுதிமுன்னு வருது. கையில பூ வச்சிருக்காங்க. உன் வீடுதான் அது.”

அவள் என்னையே பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரம்.

“நிஜமாவா மாமா?”

“என் மீசை மேல சத்தியம்.”

“அவ்வளவு ஜனமா?”

“எண்ணி மாளல.”

மறுநாள் ஒப்ராடிடம் சரி என்று சொல்லிவிட்டாள்.

மகள் ஸோர்காவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டி வந்தார்கள். நான் தனிக்கட்டை, எங்கே இருந்தால் என்ன. ஸோர்காதான் என்னைப் பார்த்துக்கொள்கிறாள் என்று ஒப்ராட் எல்லோரிடமும் சொல்கிறான். மாப்பிள்ளைக்கு வாய் அதிகம்.

அக்டோபர் 13

எங்கே போனாலும் வெந்நீர் கொடுக்கிறார்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்று இவர்களுக்கு யார் சொன்னது?

அக்டோபர் 15, புதன்

சீனர்களைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கிராலியெவோ பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சீனாக்காரன் கடையில் வருடக்கணக்காகச் செருப்பு வாங்கியவன் நான். வாங்கி ஒரு வாரத்தில் அறுந்தது ஒரே ஒரு ஜோடிதான். மற்றதெல்லாம் இன்னும் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன், அதற்கு மேல் அவர்களிடம் எனக்குச் சொல்லித்தர ஒன்றும் இருக்கவில்லை. அதன் பிறகு பெல்கிரேடு பஸ் ஓட்டினேன். ஜன்னல் வழியாக உலகத்தைப் பார்த்தவனுக்குப் புத்தகம் எதற்கு?

கீழே வாசல் காவலாளி ஃபாங் அதற்குள் என் உயிர்ச் சிநேகிதன் ஆகிவிட்டான். காலையில் தன் கூண்டுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுகிறான். நான் கைபேசியில் செர்பிய மொழியில் பேசினால் அது சீனத்தில் பேசுகிறது. அவன் பேசினால் இந்தப் பக்கம் செர்பிய மொழியில் வருகிறது.

“உங்க நாட்டுல எவ்வளவு ஜனம் அண்ணே?” என்றான்.

சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

“அவ்வளவேதானா? எல்லாரையும் கூட்டிட்டு வந்துடுங்க. நிங்போக்குள்ளயே அடக்கிடலாம். சாயங்காலத்துக்குள்ள டீ கொடுத்து உக்கார வச்சிடுவேன்.”

“எண்ணிக்கையில என்னய்யா இருக்கு? எங்காளுங்க உயரத்தைப் பாரு.”

அவன் என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தான். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

“உயரமானவங்க எல்லாம் ஊர்லயே தங்கிட்டாங்களா?”

நான் சிரித்தேன். பெருந்தன்மை.

அக்டோபர் 19, ஞாயிறு

யெலிட்சா இன்றும் இரண்டு கோப்பை எடுத்தாள். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கிராலியெவோவில் இந்த நேரத்துக்கு நாலாம் மாடி பெர்சா வந்திருப்பாள். கதவைத் தட்டுவது அவளுக்குப் பழக்கமில்லை. வீட்டுச் செருப்போடு, தலைமுடியைச் சுருட்டிய உருளைகளோடு, “இருக்கியாடி?” என்று கேட்டுக்கொண்டே நுழைந்து, பதில் வருமுன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். காபி பொங்குவதற்குள் மூன்று மாடிச் சேதியும் முடிந்துவிடும். யெலிட்சா மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்வரை பேச்சு ஓயாது. அப்போதெல்லாம் “இந்தப் பொம்பளைகிட்டேருந்து என்னைக்குத்தான் விடுதலையோ” என்று இவளே தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த மாதத்தில் கட்டடத்துப் பின்பக்கம் சிவப்புக் குடமிளகாய் சுடுவார்கள். தகர அடுப்பு வரிசையாக நிற்கும். புகை ஐந்து மாடிக்கும் ஏறி, காயப்போட்ட துணியெல்லாம் மிளகாய் வாசம் அடிக்கும். போர்வைக்குள் புகுந்தால் அங்கேயும் அதே வாசம். தோலை உரித்து, அரைத்து, நாள் பூராவும் கிளறி, பாட்டிலில் அடைத்தால் குளிர்காலத்துக்கு ஆயிற்று. நான் ஒருவனே ஒரே நாளில் நூறு கிலோ உரித்திருக்கிறேன். சரி, எண்பது. விரல் நுனியில் எரிச்சல் ஒரு வாரம் இருக்கும். இப்போது என் விரலை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசம்.

இங்கே கதவுகளில் எண் பூட்டு. பீப் பீப் என்று நாலு எண், கதவு திறக்கும், கதவு மூடும். மின்தூக்கியில் எல்லோரும் சிரிக்கிறார்கள், நல்ல சிரிப்புதான். மாடி வந்ததும் அவர்களோடு சேர்ந்து அதுவும் இறங்கிவிடுகிறது.

“யாராச்சும் ஒருத்தர் வந்து தட்டினாப் போதும் மாமா,” என்றாள் யெலிட்சா. “வீடு மாறித் தட்டினாக்கூடப் போதும்.”

அக்டோபர் 24

அவர்கள் அறையில் துணி அலமாரி மேல் பெரிய பயணப் பெட்டி ஒன்று இருக்கிறது. காலிப் பெட்டி. கட்டில் அடியில் தள்ளிவிடலாமே என்றான் ஒப்ராட். “அது கைக்கு எட்ற இடத்துலயே இருக்கட்டும்,” என்றாள் அவள். அவன் பந்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

ஊரில் அலமாரி மேல் வைப்பது சீமை மாதுளை. மஞ்சள் மஞ்சளாக, மேலே பஞ்சு ஒட்டினாற்போல. சாப்பிடுவதற்கு அவ்வளவு வராது, பல் கூசும். வாசத்துக்காகத்தான் வைப்பது. அக்டோபரில் நாலைந்து பழத்தை அலமாரி மேல் வரிசையாக அடுக்கினால் கம்பளி உடுப்பு, படுக்கை விரிப்பு, தூக்கம் எல்லாம் மணக்கும். யெலிட்சா சின்னவளாக இருந்தபோது என் தங்கை அவளைத் தோளில் ஏற்றித்தான் அவற்றை அடுக்குவாள். அழுகினதைப் பார்த்து எடுப்பதும் அவள்தான்.

இங்கே அந்தப் பழம் எங்கே கிடைக்கும் என்று சந்தை முழுக்கத் தேடினேன். ஊரே என்னோடு சேர்ந்து தேடியது. சரி, பழக்கடைக்காரி ஒருத்தி தேடினாள். கிடைக்கவில்லை.

அக்டோபர் 28

ஸோர்கா குச்சியால் வேர்க்கடலையை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிடுகிறாள். எனக்கும் வரும். கடலைதான் இன்னும் எனக்குப் பழகவில்லை.

நவம்பர் 1, சனி

இன்று நான் செய்தது எழுதி வைக்கவேண்டிய காரியம்.

எட்டாம் தேதி ஒப்ராட் வீட்டு ஸ்லாவா, வீட்டைக் காக்கும் புனிதரின் திருநாள். அவர்கள் குடும்பத்துப் புனிதர் டிமிட்ரி; அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த நாள். போன வருடம்வரை அவன் அப்பா வீட்டில் நடந்தது. பெரியவர் வசந்தகாலத்தில் போய்விட்டார். ஆக இது ஒப்ராட் கையில் வந்த முதல் ஸ்லாவா. புனிதர் படத்தையும் தேன்மெழுகு மெழுகுவத்தியையும் அவனே துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தான், பெட்டியில் போட விடவில்லை.

ஸ்லாவாவுக்கு சார்மா வேண்டும். சார்மாவுக்கு முழுசாகப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் வேண்டும். அந்த இலையில்தான் இறைச்சியையும் அரிசியையும் வைத்துச் சுருட்டவேண்டும். சீனாவில் அதற்கு எங்கே போவது என்று யெலிட்சா கைவிட்டுவிட்டாள். நான் கைவிடவில்லை. மீன் சந்தைக்குப் பின்னால், வடகிழக்குச் சீனாவிலிருந்து வந்த ஒருத்தியின் கடையில், ஜாடிக்குள் முட்டைக்கோஸ். முழு முட்டைக்கோஸ்! மூக்கை வைத்தேன். கிராலியெவோவில் எங்கள் கட்டடத்து நிலவறைக்குள் இறங்கினதுபோல இருந்தது. பீப்பாய், ஈரச் சுவர், மங்கின விளக்கு, பெர்சாவின் சைக்கிள் எல்லாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்தேன். யெலிட்சா முகர்ந்தாள். பிறகு மூடியைப் போட்டாள். பிறகு மறுபடி திறந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உப்பு ஜாஸ்தி மாமா, தண்ணியில போடணும்,” என்றாள்.

நவம்பர் 3, திங்கள்

சாப்பாட்டு மேஜையில் வாக்குவாதம்.

“கட்டடத்துல நாலு பேர்கிட்டயாவது சொல்லிடலாமா?” என்று யெலிட்சாதான் ஆரம்பித்தாள். “கீழ் வீட்டுல ஷூன்னு பேருள்ள அம்மா, பாத்தா சிரிக்கிறாங்க. மாமாவோட ஃபாங் இருக்காரு...”

ஒப்ராட் தட்டைப் பார்த்துக்கொண்டே, “எங்கப்பா ஒரு வருஷம்கூட யாரையும் அழைச்சதில்ல,” என்றான்.

“உங்கப்பாவுக்கு ஊரே சொந்தம். இங்க நம்மள யாருக்குத் தெரியும்?”

வாய் வைக்கவேண்டிய இடத்தில் நான் வைத்தேன். “அழைச்சா அது கல்யாணம். ஸ்லாவாவுக்குக் கதவத் திறந்து வைக்கிறதுதான். வர்றவனுக்குத் தெரியும்.”

“சீனாக்காரனுக்கு எப்படி மாமா தெரியும்?”

“வாசம் போகும்.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் எதிர்பார்க்காத அமைதியோடு பேசினாள்.

“சரி. யாரையும் அழைக்க வேணாம். கோப்பையில பாத்தீங்களே, கதவு திறந்து கிடக்குது, ஜனம் திமுதிமுன்னு வருதுன்னு. அன்னைக்குக் காலைல நானே கதவத் திறந்து வைக்கிறேன். ஒரே ஒருத்தர் வரட்டும், நான் இருக்கேன், இனிமே ஊர்ப் பேச்சே எடுக்க மாட்டேன். ஒருத்தரும் வரலைன்னா நானும் ஸோர்காவும் கிளம்பறோம். ஒப்ராட் ஒப்பந்தத்த முடிச்சிட்டு வரட்டும். எவ்வளவு நாளானாலும் சரி.”

ஒப்ராட் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

ஸோர்கா, “அப்பா வரலியா? அப்போ நான் வரலை,” என்றாள்.

“பத்து மேஜை போடு!” என்றேன் நான், சத்தமாக. பிறகு என் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். வெந்நீர் குடித்தேன். கொஞ்சம் தேவலாம். இவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை.

நவம்பர் 6

மூன்று நாளாகக் கீழே இறங்கவில்லை. ஃபாங் முகத்தைப் பார்த்தால் “என்ன அண்ணே விசேஷம்?” என்பான். நான் சொல்லிவிடுவேன். சொன்னால் அது அழைப்பு. அழைத்தால் ஸ்லாவா இல்லை, ஒப்ராட் அப்பாவின் முகத்தில் நான் எப்படி விழிப்பது? செத்தவராக இருந்தாலும் மரியாதை மரியாதைதான். என் வாயை எனக்குத் தெரியும். அதனால் சமையலறையிலேயே கிடக்கிறேன், சார்மா சுருட்டிக்கொண்டு.

ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி தெரிகிறது. இவ்வளவு உயரத்திலிருந்து பொத்தான் அளவு. தினமும் போட்டுத்தான் வைக்கிறான்.

நவம்பர் 7, வெள்ளி

வருகிறவர்களுக்கு ஒரு கரண்டி கொடுக்கிற கோதுமை வெந்துவிட்டது. ரொட்டியின் மேல் யெலிட்சா மாவினாலேயே சிலுவையும் திராட்சைக்கொத்தும் ஒட்டினாள். ஒரு சின்னப் பறவையையும் ஒட்டினாள். அது அவள் அம்மாவின் பழக்கம். என் தங்கை செய்த பறவைக்கும் அலகு கோணலாகத்தான் இருக்கும்.

நவம்பர் 8, புனித டிமிட்ரியின் நாள்

ஆற அமர எழுதவேண்டும்.

காலையிலேயே கதவைத் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்க என் செருப்பை அண்டக் கொடுத்தோம். வாசலுக்கு நேராக மேஜை. அதன் மேல் யெலிட்சாவின் கல்யாணத்துக்கு வந்த வெள்ளைத் துணி. புனிதர் படம், ரொட்டி, சிவப்பு ஒயின், சர்க்கரை தூவிய கோதுமைக் குவியல் எல்லாம் வைத்து, பக்கத்தில் பச்சைக் கோதுமை நிரப்பின கிண்ணத்தில் மெழுகுவத்தியை நட்டுக் கொளுத்தினோம். பாதிரியார் இல்லை. ஒப்ராடே ஜெபம் சொன்னான். இரண்டு இடத்தில் மறந்தான், நான் திருத்தினேன். தப்பாகத்தான், ஆனால் உறுதியாக. ரொட்டியை நானும் அவனுமாகப் பிடித்துச் சுற்றினோம், ஒயினை ஊற்றினோம், பிட்டோம். எல்லாம் முறைப்படி.

அதற்குப் பிறகு வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. வருகிறவர்களுக்குப் பரிமாறிக்கொண்டு நிற்கவேண்டும். ஒப்ராட் நின்றான். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கையைக் கட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து. ஆறடிக்கு மேலே வளர்ந்த பையன். அவன் அப்பா நின்றபோது ஒரு கால் மாற்றி நிற்க நேரம் இருக்காது. ஒருவர் எழுந்தால் இருவர் உட்காருவார்கள், மாடிப்படியில் ஷூக்கள் குவிந்து கிடக்கும், திரும்பிப் போகும்போது யாராவது ஒருவர் வேறொருவர் ஷூவில் போவார். என் ஷூ அப்படிப் போய் அடுத்த ஸ்லாவாவில் திரும்பி வந்தது. மெருகு போட்டு.

இங்கே ஒரு ஷூவும் இல்லை.

மத்தியானத்துக்கு முன்னால் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பையன் ஒருவன் மாடி மாறி வந்தான். வாசலில் நின்று உள்ளே பார்த்தான். ஒப்ராடைப் பார்த்தான், மெழுகுவத்தியைப் பார்த்தான், கறுப்பு உடுப்பில் நின்ற யெலிட்சாவைப் பார்த்தான். தலைக்கவசத்தைக் கழற்றினான். குனிந்து வணங்கிவிட்டு, பின்பக்கமாகவே நடந்து மின்தூக்கிக்குள் போய்விட்டான்.

“வந்தானே, ஏன் போயிட்டான்?” என்றாள் யெலிட்சா.

“கூச்சப்படறான்,” என்றேன்.

சார்மா ஆறிப்போனது. சூடுபண்ணினோம். மறுபடி ஆறியது. மெழுகுவத்தி பாதிக்கு வந்துவிட்டது. ஒப்ராடை உட்காரச் சொன்னேன். “இல்ல மாமா,” என்றான். அப்போதுதான் உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். யெலிட்சா அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. என் அறைக்குப் போனேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் மல்லாந்து படுத்து, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டேன். அப்படியே கண் அசந்துவிட்டது.

கண்ணைத் திறந்தால் கட்டில் பக்கத்தில் ஃபாங். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறான். கன்னத்தில் தண்ணீர் வழிகிறது.

“என்னய்யா ஆச்சு?” என்றேன்.

அவன் போட்ட கூச்சல் துறைமுகத்தில் கப்பலுக்கே கேட்டிருக்கும். தொப்பி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். நான் எழுந்து உட்கார்ந்ததும் வாசற்படியில் நின்ற ஷூ அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் கூடம் முழுக்க ஜனம்! மின்தூக்கியில் சிரித்த முகம் எல்லாம் அங்கே இருந்தது, சிரிக்காமல். ஆளுக்கொரு கொத்து வெள்ளைச் செவ்வந்தி.

நான் தூங்கும்போது நடந்ததை யெலிட்சா பிறகு சொன்னாள். முதலில் ஃபாங் வந்திருக்கிறான், அப்புறம் ஷூ அம்மா, அப்புறம் வரிசையாக. ஒப்ராடின் முகத்தில் உயிர் வந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு கரண்டி கோதுமை கொடுத்தான். அவர்கள் தலையைக் குனிந்து மென்று, அவன் கையைப் பிடித்து அழுத்தினார்கள். என்ன பக்தியான ஜனம் என்று இவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதைப் பார்த்து அவர்களும் அழுதார்கள். யெலிட்சாதான் பூவைப் பார்த்தாள். வெள்ளைச் செவ்வந்தி நம்மூரிலும் கல்லறைக்குத்தான். “யாரு செத்தா?” என்று அவள் கேட்பதற்குள் ஃபாங் என் அறைக்குள் போய்விட்டான்.

கைபேசியை நடுவில் வைத்துப் பேசினோம்.

“அஞ்சு நாளா நீங்க கீழ வரல,” என்றான் ஃபாங், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு. “அந்தப் பையன் வந்து சொல்றான், பதினேழாவது மாடில கதவு திறந்து கிடக்கு, வெள்ளைத் துணி, தானியத்துல மெழுகுவத்தி நட்டிருக்கு, நெட்டையா ஒருத்தர் கறுப்புக் கோட்டுல வாசலப் பாத்து நிக்கிறார்னு. வேற என்னன்னுங்க நினைக்கிறது? கைபேசில இருக்கிற கட்டடக் குழுவில நான்தான் போட்டேன், நம்ம வெளிநாட்டுப் பெரியவர் போயிட்டார்னு.”

“அழுதியா?”

“தூசி விழுந்துச்சு.”

“எவ்வளவு அழுதே?”

“நாற்காலிய உள்ள எடுத்து வச்சேன் அண்ணே,” என்றான்.

ஷூ அம்மாவுக்கு மூச்சு திரும்பியதும் முதலில் கோபம்தான் வந்தது. “மனுஷன் செத்தா சொல்லி அனுப்பணும். சாகலைன்னா அதையும் சொல்லி அனுப்பணும்!” என்று என்னைத் திட்டினாள். “விருந்துன்னா விருந்துன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?”

“எங்க வழக்கத்துல அழைக்கக் கூடாதும்மா,” என்றாள் யெலிட்சா.

“அப்போ எப்படி வருவாங்க?”

யெலிட்சா கூடத்தைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். சுவர் ஓரமாகக் கிடந்த ஷூக் குவியலைப் பார்த்தாள். “இப்படித்தான்,” என்றாள்.

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் இந்தச் சிரிப்புக்கு ஒரு பெயர் உண்டு, அடுப்பில் வைத்த பாலை மறக்கடிக்கிற சிரிப்பு. இங்கே வந்ததிலிருந்து இன்றுதான் கேட்டேன். அவள் சிரிக்க ஒப்ராட் சிரிக்க, ஷூ அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள், உயிர் இருக்கிறதா என்று பார்க்க.

ஸோர்கா கொத்துக்களை எண்ணிவிட்டு, “அம்மா, எல்லாமே இரட்டைப்படை,” என்றாள். இரட்டைப்படைப் பூ நம்மிடம் செத்தவர்களுக்கு. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை. யெலிட்சா ஒவ்வொரு கொத்திலிருந்தும் ஒரு பூவை உருவினாள். மிச்சத்தை ஜாடியில், வாளியில், கோதுமை வேகவைத்த பானையில் எல்லாம் தண்ணீர் ஊற்றி வைத்தாள். உருவின பூக்களைச் சேர்த்து என் கோட்டுப் பையில் செருகினாள். “இது செத்தவருக்கு,” என்றாள்.

ஃபாங் கட்டடக் குழுவில் திருத்தம் போட்டான். போனவர் எழுந்து உட்கார்ந்து சாராயம் ஊற்றிக்கொண்டிருக்கிறார், நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம் என்று. பார்க்க வந்தார்கள்! மாடி மாடியாக வந்தார்கள். ஷூ அம்மா கீழே ஓடி நீளமான நூடுல்ஸ் வேகவைத்துக் கொண்டுவந்து, கடிக்காமல் முழுசாக உறிஞ்சவேண்டும், அப்போதுதான் ஆயுசு நீளும் என்று என் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தாள். ஒரு நூடுல்ஸ் மின்தூக்கிவரை நீளம் இருந்தது. நான் உறிஞ்சினேன். கைதட்டினார்கள்.

ஒப்ராட் கடைசிவரை உட்காரவில்லை. அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை.

சார்மா தீர்ந்தபோது யெலிட்சா என் காதில் சொன்னாள்: “கையில பூன்னீங்க மாமா. என்ன பூன்னு சொல்லாம விட்டுட்டீங்களே.”

“எல்லாத்தையும் சொல்லிட்டா சுவாரஸ்யம் போயிடும்,” என்றேன்.

நவம்பர் 9

யாரோ என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த ஸ்லாவாவுக்கு வரும்.

நவம்பர் 16, ஞாயிறு

ஷூ அம்மா ஒரு பம்பளிமாஸ் கொண்டுவந்தாள், ஸோர்காவின் தலை அளவு. உரித்துத் தரட்டுமா என்று கேட்டாள். யெலிட்சா அதைக் கையில் வாங்கி முகர்ந்தாள், நகத்தால் தோலை லேசாகக் கீறி மறுபடி முகர்ந்தாள். பிறகு படுக்கையறைக்குள் கொண்டுபோனாள். ஷூ அம்மா என்னைப் பார்த்தாள்: பழத்தை எங்கே எடுத்துப் போகிறாள் இவள்?

பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அலமாரி மேல், பெட்டி இருந்த இடத்தில், பம்பளிமாஸ். ஸோர்காவைத் தோளில் தூக்கி அவளைத்தான் வைக்கச் சொல்லியிருந்தாள். பெட்டி கட்டில் அடியில். அதற்குள் ஒப்ராடின் பழைய பந்துகளைப் போட்டிருக்கிறார்கள்.

சீமை மாதுளை வாசம் இல்லை இது. ஆனால் ராத்திரிக்குள் கூடம்வரை வந்துவிட்டது.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் பீப் பீப் என்று சத்தம். கதவு திறந்தது. ஷூ அம்மா வீட்டுச் செருப்போடு உள்ளே வந்து, சீனத்தில் என்னவோ கேட்டுக்கொண்டே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கைபேசி தேவைப்படவில்லை. பெர்சா கேட்பதைத்தான் கேட்டாள். பூட்டு எண்ணை யெலிட்சாவே கொடுத்திருக்கிறாள் போல.

யெலிட்சா இரண்டு கோப்பை எடுத்தாள். இரண்டிலும் ஊற்றினாள். ஷூ அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள், மறுபடி ஊற்றச் சொன்னாள். குடித்து முடித்ததும் யெலிட்சா அந்தக் கோப்பையைத் தட்டில் கவிழ்த்து என் பக்கம் நகர்த்தினாள்.

“இவங்களுக்கு என்ன வருதுன்னு பாருங்க மாமா.”

பார்த்தேன். கறுகறுவென்று நல்ல படம். “தூரத்துல இருக்கிற மகன் வருவான்,” என்றேன். “புது வருஷத்துக்கு. கையில பெரிய பை.” கைபேசி அதைச் சீனத்தில் சொன்னது. ஷூ அம்மா இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள்.

யெலிட்சா குனிந்து கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். “இதுல வண்டல் நல்லா இருக்கு, இல்ல மாமா?” என்றாள். சிரிக்காமல் சொன்னாள். பிறகு பாத்திரம் கழுவத் திரும்பிவிட்டாள்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னவன் நான். அதில் மாற்றமில்லை. கிழக்கு, தண்ணீர், உயரம், திறந்த கதவு, ஜனம், பூ. யாரும் மறுக்க முடியாது. ஒரு சின்ன விஷயம் மட்டும் இங்கே சேர்த்து எழுதவேண்டும். ஜூலையில் அந்த வாரம் அவர்கள் வீட்டில் காபித்தூள் தீர்ந்திருந்தது. வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் குடித்துத் தீர்த்திருந்தார்கள். அன்று யெலிட்சா குடித்தது வெந்நீரில் போட்டால் கரைந்துபோகிற பொடிக் காபி. அதில் வண்டல் ஏது? நான் நிமிர்த்தின கோப்பை உள்ளே வெள்ளைவெளேரென்று இருந்தது, ஒரு புள்ளிகூட இல்லை. இத்தனை பேர் சுற்றி உட்கார்ந்து என் வாயையே பார்க்கும்போது ஒன்றும் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? கதவு தெரிகிறது என்றேன்.

ஆனால் அந்தக் காபியைக் கலக்கியவள் அவள். குடித்தவளும் அவள்.